கை தவறுவதும் கருத்துத் தவறுவதும்

விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கு. அதில் ஒழுக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இடமேது என்று வினவுவோர் நம்மில் அநேகர் உளர். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் மாலையில் நண்பர்களோடு கூடிச் சிறிது நேரம் களித்திருப்பதில் குற்றம் காண்பது நமது நோக்கமன்று. ஆயினும் ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். மனிதன் தன் உண்மைச் சுபாவத்தை வேலையிடத்தில் ஒருவாறு மறைத்துவிடலாம். முதலாளியின் கண்ணும் மேலாளின் கணக்கும் அவனை அங்கே ஓர் ஒழுங்கில் நிறுத்தி வைக்கின்றன. விளையாட்டில் அவனை அவ்வாறு நிறுத்தி வைப்பார் எவருமிலர். ஆகவே அவன் எத்தகையவன் என்பது அங்கேதான் தடையின்றி வெளிப்படுகின்றது. இதனை விளக்குவதற்கு, டார்ட்ஸ் என்று வழங்கும் சிற்றம்பு விளையாட்டையும், அதைப் பொழுதுபோக்காக ஆடுவோரிடம் காணப்படும் தீய பழக்கங்களையும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்து நாட்டின் மதுக்கடைகளிலும் தொழிலாளர் கூடும் இடங்களிலும் வளர்ந்த இவ்விளையாட்டு, இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நார்ப்பலகையிலும் மின்பலகையிலுமாக ஆடப்பட்டு வருகின்றது. இதற்கு மைதானம் வேண்டா, பருத்த உடல் வேண்டா, பெருஞ்செல்வமும் வேண்டா. சிசல் என்னும் கற்றாழை இனத்தின் நாரால் செய்த வட்டப் பலகை ஒன்று, 3 அம்புகள், நிற்பதற்கு ஒரு கோடு: இவ்வளவே. நார்ப்பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். எறிபவன் பலகையின் முகத்திலிருந்து 2.37 மீட்டர் தள்ளி நிற்பான். பலகை 20 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியையும் 8 மில்லிமீட்டர் அகலமேயுள்ள இரண்டு வளையங்கள் கடந்து செல்லும். வெளிவளையத்தில் அம்பு பட்டால் எண் இரட்டிக்கும். உள்வளையத்தில் பட்டால் மும்மடங்காகும். இருவரும் 501 என்னும் எண்ணில் தொடங்கி, முறைக்கு 3 அம்புகளாக எறிந்து, பெற்றதைக் கழித்துக்கொண்டே வருதல் வேண்டும். கடைசி அம்பை இரட்டை வளையத்திலோ, 50 எண் பெறும் நடுப்புள்ளியிலோ செலுத்திச் சரியாகச் சூனியத்தில் முடிப்பவனே வென்றவன்.

இவ்விளையாட்டுக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. சடுகுடுவில் எதிரி காலைப் பிடிக்கின்றான். பந்தாட்டத்தில் குறுக்கே பாய்கின்றான். இங்கோ எதிராளி நம் அம்பைத் தீண்டுவதேயில்லை. செல்வன், ஏழை, படித்தவன், படியாதவன் என்னும் பேதமின்றி எல்லோருக்கும் அதே 2.37 மீட்டர்தான். எறிந்த அம்பு எங்கே குத்தி நிற்கின்றதோ அங்கேயே நின்று சாட்சி சொல்லுகின்றது. சாட்சி இவ்வளவு தெளிவாயிருந்தும் மனிதன் அதை ஏற்க மறுக்கின்றானே, அதுதான் நாம் ஆராய வேண்டிய விஷயம். கை தவறுவது குற்றமன்று. கையென்று இருந்தால் தவறத்தான் செய்யும். ஏன் தவறிற்று என்று அறிய மனமில்லாமையே குற்றம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி பிறந்த நாளில் இவ்விளையாட்டு நம்மவருக்குத் தெரியாது. ஆயினும் இதற்காகவே பிறந்ததுபோல் அது பொருந்துகின்றது. மூன்று அம்பும் மூன்று திசையில் போய் விழுந்தவுடன், விளக்கு மங்கலாயிருக்கின்றது என்பான் ஒருவன். அருகில் பேசியவரைக் கடிவான் மற்றொருவன். அம்பின் எடை ஒத்துவரவில்லை என்று மூன்றாமவன் மறுவாரமே கடைக்குச் செல்வான். பித்தளை அம்பை விடுத்து டங்ஸ்டன் அம்பை வாங்குவான், வால் இறகை மாற்றுவான், பிடியை மாற்றுவான், நிற்கும் நிலையையும் மாற்றுவான். டங்ஸ்டன் உலோகம் மிகுந்த அடர்த்தியுடையதாகையால், எடை குறையாமல் அம்பின் உடலை மெலிதாகச் செய்ய முடிகின்றது. மெலிந்த அம்புகள் மூன்றும் ஒரே குறுகிய கட்டத்தில் நெருங்கிக் குத்தி நிற்கும் என்பதே அதன் பயன். ஆனால் அம்புகள் ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி விழுகின்றவனுக்கு அந்நெருக்கத்தால் ஆகப்போவதென்ன?

பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்தோர் இவ்வுண்மையை நன்கு அறிவர். கத்தி ஆழமாய் இறங்கினால் மரம் காயப்படும். மேலோட்டமாய்ச் சென்றால் பால் குறையும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, எவன் கை செய்த பிழை என்பதைப் பல்லாண்டு காட்டிக்கொண்டே நிற்கும். கத்தியைக் குறை கூறிக்கொண்டே காலம் கழித்தவன் நல்ல தொழிலாளி ஆனதில்லை. கத்தி மழுங்கியிருந்தால் தீட்ட வேண்டியதுதான். ஆனால் தீட்டிய பிறகும் காயம் விழுமாயின் கையைத்தானே பார்க்க வேண்டும்?

இனி, அதிர்ஷ்டத்தின்மேல் பழி போடுவோரைக் காண்போம். அம்பு கம்பியில் பட்டுத் தெறித்துக் கீழே விழுவதுண்டு. அதற்கு எண் கிடையாது. அது தற்செயல் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நூறு அம்பு எறிந்தால் அந்தத் தற்செயல் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து சேரும். தனக்குத் தெறித்ததை நினைவில் வைத்துக்கொண்டு, எதிராளிக்குத் தெறித்ததை மறந்துவிடுகின்றவனே தன்னை அதிர்ஷ்டமற்றவன் என்கின்றான். இன்றைக்கு நேரம் சரியில்லை என்றும், அந்தச் சட்டையை அணிந்து வந்த நாளில்தான் வென்றேன் என்றும் பேசுவோர், நாளையும் சட்டையையும் சோதிக்கின்றனரேயன்றித் தம் முழங்கையைச் சோதிப்பதில்லை. எறியும்போது தோள் அசைந்ததா, கால் பெயர்ந்ததா, விரல் முன்னதாக விட்டதா என்பன விடை காணக்கூடிய கேள்விகள். நேரம் நல்லதா கெட்டதா என்பதற்கு விடையே இல்லை. விடையில்லாத கேள்வியை மனிதன் விரும்புவதன் காரணம், அது அவனிடம் எவ்வித உழைப்பையும் கேட்பதில்லை என்பதே.

அடுத்தது, தேர்ந்தவர்களைப்போல் பாவனை செய்யும் பழக்கம். போட்டிகளில் வல்லவர்கள் 20இன் மும்மடங்கு வளையத்தைக் குறி வைப்பதைக் கண்டு, புதிதாக ஆடுவோரும் அதையே குறி வைக்கின்றனர். அங்கே 3 அம்பும் பட்டால் 180. அதற்குமேல் ஒரு முறையில் எவராலும் பெற முடியாது. ஆனால் பலகையை வகுத்தவர் எச்சரிக்கையுடன் வகுத்திருக்கின்றார். உச்சியிலுள்ள 20க்கு வலப்புறம் 1, இடப்புறம் 5. கை சற்றே வழுவினால் இருபது எண்ணியவன் ஒன்றைப் பெற்றுத் திரும்புவான். பலகையின் கீழ் இடப்புறத்திலோ 19, 7, 16, 8, 11, 14 என்னும் எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் சராசரி 12½. பலகை முழுவதிலுமுள்ள எண்களின் சராசரி 10½ மாத்திரமே. ரயன் டிப்ஷிரானி, ஆண்ட்ரூ பிரைஸ், ஜோனதன் டெய்லர் என்னும் மூவர் 2011ஆம் ஆண்டில் புள்ளியியல் ஏடொன்றில் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். கை மிகத் தேர்ந்தவனுக்கு 20இன் மும்மடங்கு வளையமே ஏற்ற குறி. அம்புகள் ஓரளவு சிதறுகின்றவனுக்கு 19இன் மும்மடங்கு வளையம் ஏற்றது. இன்னும் மிகுதியாகச் சிதறுகின்றவன் பலகையின் நடுவை ஒட்டி இடப்பக்கமாகக் குறி வைத்தலே நன்மை தரும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதிலுள்ள நீதியை ஊன்றி நோக்குக. எது சிறந்த குறி என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை இல்லை. தன் கை எவ்வளவு சிதறுகின்றது என்பதை அறிந்தவனுக்கே தனக்குரிய குறி புலப்படும். அதை அறிய வழியும் எளிது. நடுப்புள்ளியை நோக்கி நூறு அம்பு எறிந்து, அவை எங்கெங்கே விழுந்தன என்பதைத் தாளில் குறித்துக்கொண்டால் போதும். ஆயினும் இதைச் செய்வோர் அரியர். ஏனெனில் அந்தத் தாள் காட்டும் மனிதன், நாம் நம்மைப்பற்றி எண்ணியிருந்த மனிதனாக இருப்பதில்லை. அவனைச் சந்திக்க நாணியே பலரும் 20ஐ நோக்கி எறிந்துகொண்டிருக்கின்றனர்.

பாவனையோடு பிறந்த தங்கை ஆரவாரம். 140 எடுத்தான், 180 எடுத்தான் என்று கூடியிருப்போர் கை தட்டுவர். ஆட்டத்தை முடிப்பதோ இரட்டை வளையம். அங்கே விழும் அம்புக்குச் சில வேளைகளில் 2 எண் மாத்திரமே கிட்டும். ஆயினும் வெற்றி அதில்தான் இருக்கின்றது. தனியே பயிலும்போது முக்கால் பங்கு நேரத்தை 20இன்மேல் செலவிட்டு, இரட்டை வளையத்தை ஏறெடுத்தும் பாராதவன், ஆட்டத்தின் கடைசியில் 2 எண்ணுக்காகப் பத்து அம்புகளை இழக்கின்றான். கணக்கிலும் அவன் கவனம் செலுத்துவதில்லை. மூன்று அம்பில் முடிக்கக்கூடிய மிகப் பெரிய எண் 170. அதற்குக் கீழேயும் 169, 168, 166, 165, 163, 162, 159 என்னும் ஏழு எண்கள் மூன்று அம்பில் முடியாதவை. இவற்றில் ஒன்றை மிச்சம் வைப்பவன் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கின்றான். 32ஐ மிச்சம் வைத்தவன் 16இன் இரட்டையைக் குறி வைத்துத் தவறி ஒற்றை 16இல் பட்டாலும் 8இன் இரட்டை அவனுக்குக் காத்திருக்கும், அங்கும் ஒற்றையில் பட்டால் 4இன் இரட்டை, பின்னர் 2, பின்னர் 1. 38ஐ மிச்சம் வைத்தவனோ ஒற்றை 19இல் பட்டவுடன் ஒற்றைப்படை எண்ணில் சிக்கி, அதைச் சரிசெய்யவே ஓர் அம்பைச் செலவிட வேண்டும். தான் தவறக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, தவறினாலும் வழியிருக்குமாறு முன்கூட்டியே அமைத்துக்கொள்வது அறிவு. தவறவே மாட்டேன் என்று கருதி எறிவது கர்வம்.

தோல்வியைத் தாங்கும் விதத்திலும் மனிதர் வேறுபடுகின்றனர். தம்மினும் வல்லவரோடு ஆட அஞ்சி, எளியவரையே தேடிப்பிடித்து வெல்வோர் உளர். தோற்றால் கை குலுக்காமல் அகல்வோர் உளர். இளைஞன் ஒருவன் தேறிவருவதைக் கண்டு புழுங்குவோரும் உளர். இவர்கள் எரிக் பிரிஸ்டோவின் வரலாற்றை அறிதல் நன்று. 1980 முதல் 1986 வரை ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற அவருக்கு, பின்னர் ஒரு விசித்திர நோய் கண்டது; அம்பை விட வேண்டிய கணத்தில் விரல்கள் விட மறுத்தன. அக்காலத்தில் அவர், மண்பாண்டத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த பில் டெய்லர் என்னும் தொழிலாளிக்குப் பொருளுதவி செய்து ஊக்குவித்தார். 1990ஆம் ஆண்டு உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் அந்த டெய்லரே தம் ஆதரவாளரை 6க்கு 1 என்ற கணக்கில் வென்றார். பின்னர் மொத்தம் 16 உலகப் பட்டங்களைப் பெற்றார். தன்னை வெல்லப் போகின்றவனைத் தானே வளர்த்துவிடும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

அதே 1990ஆம் ஆண்டுப் போட்டியில் வேறோர் அரிய செயலும் நிகழ்ந்தது. சிங்கப்பூரில் பிறந்த பால் லிம், அமெரிக்காவின் சார்பில் ஆடி, 501ஐ ஒன்பதே அம்புகளில் முடித்தார். அதற்குக் குறைந்த அம்புகளில் முடித்தல் இயலாது. உலகப் போட்டியில் அதைச் செய்தவர் அவரே முதல்வர். அதற்காக அவர் பெற்ற பரிசு 52,000 பவுன். பட்டம் வென்ற டெய்லர் பெற்றதோ 24,000 பவுன். 2017ஆம் ஆண்டு டிசம்பரில், 63ஆம் வயதில், உலகப் போட்டி மேடையில் அவர் மறுபடியும் எட்டு அம்புகளைப் பிழையின்றி எறிந்தார். ஒன்பதாவது அம்பு 12இன் இரட்டையில் பட வேண்டும். 1990இலும் அவருடைய கடைசிக் குறி அதுவே. இம்முறை தவறிற்று. அவர் அத்துடன் அம்பை வைத்துவிடவில்லை. 2020ஆம் ஆண்டு டிசம்பரில், 66ஆம் வயதில், அதே போட்டியில் லூக் ஹம்ஃப்ரீஸ் என்னும் 25 வயது இளைஞரை வென்றார். தாத்தாவின் வயதொத்தவரிடம் தோற்றோமே என்று அவ்விளைஞரும் ஒதுங்கிவிடவில்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அவரே உலகப் பட்டத்தை வென்றார். தவறியவரும் தோற்றவரும் அடுத்த அம்பை எடுத்தனர். கற்கத்தக்கது அவ்வளவே.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுக்கடையில் பிறந்த விளையாட்டாதலால், ஒரு கோப்பை உள்ளே போனால்தான் கை நடுங்காது என்னும் எண்ணம் இதனோடு ஒட்டிக்கொண்டது. குடி அச்சத்தைச் சிறிது நேரம் மறைக்கும். கையின் நுட்பத்தையும் குறைக்கும். அந்நுட்பம் குறைந்துவிட்டதை உணரும் அறிவையும் மங்கச் செய்யும். குடித்தவன் தான் நன்றாக ஆடியதாகவே வீடு திரும்புகின்றான். தோட்டத்துக் கள்ளுக்கடைகள் நம் முன்னோரின் கூலியை எவ்வாறு விழுங்கின என்பதை அறிந்த நமக்கு, இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பந்தயப் பணமும் அத்தகையதே. பணம் வைத்து ஆடுகின்றவன் பலகையைப் பார்ப்பதில்லை. எதிராளியின் சட்டைப்பையைப் பார்க்கின்றான்.

ஈண்டு ஒரு நியாயமான ஆட்சேபம் எழக்கூடும். "நாள் முழுதும் பிறர் கணக்குக்கு உட்பட்டு உழைக்கின்றோம். மாலைப் பொழுதையும் கணக்கும் பயிற்சியுமாக ஆக்கிவிட்டால் எங்களுக்கென்று மிஞ்சுவது யாது?" என்று உழைப்பாளர் கேட்கலாம். இக்கேள்வியை நாம் மதிக்கின்றோம். சிரித்துப் பேசுவதற்காகவே எறிகின்றவன் எப்படி எறிந்தால் என்ன? தோற்றபோதும் வென்றபோதும் ஒன்றுபோல் நகைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகின்றவனுக்கு நமது உபதேசம் தேவையில்லை. அவன் நம்மினும் ஞானி. நாம் பேசுவது தோற்றால் சினம் கொள்கின்றவனைப் பற்றியே. வெற்றி வேண்டும் என்கின்றான். அதற்குரியதைச் செய்ய மறுக்கின்றான். பின்பு விளக்கையும் நேரத்தையும் வைகின்றான். அவன் பொழுதும் போகவில்லை, திறமும் வளரவில்லை. பிறர் கணக்குக்கு உட்பட்டு உழைப்பவனுக்கு, தானே தனக்கு வைத்துக்கொள்ளும் கணக்கு அடிமைத்தனம் ஆகாது. அது அவன் சுயமரியாதையின் தொடக்கம்.

இதனை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வாழ்க்கையில் எல்லோருக்கும் ஒரே கோடு போடப்படவில்லை. நம் மக்களுக்குக் கோடு பின்னே தள்ளிப் போடப்பட்ட காலங்கள் பலவுண்டு. கூலியிலும் குடியிருப்பிலும் கல்வியிலும் நேர்ந்த அநீதிகள் கற்பனையன்று. அவற்றை அநீதியென்று உரத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தன் கை தவறியதற்கெல்லாம் பிறரைக் குறைகூறிப் பழகியவன், மெய்யான அநீதியைச் சுட்டிக்காட்டும் நாளில் அவன் சொல் எடுபடுவதில்லை. அதனினும் கேடு, எது தன் பிழை, எது பிறர் இழைத்தது என்று பிரித்தறியும் திறமே அவனிடம் அழிந்துபோகின்றது. சங்கத்தின் கணக்கு குறைந்தாலும், பள்ளியில் பிள்ளை பின்தங்கினாலும், கூட்டு முயற்சி ஒன்று உடைந்தாலும், கூடம் கோணல் என்பதே அவன் வாயில் வரும் முதற்சொல்லாகின்றது. கூடம் மெய்யாகவே கோணலாயிருந்தால் அதை நிமிர்த்துவதற்கும் அவன் உதவான்.

எல்லோருக்கும் ஒரே தொலைவு, ஒரே உயரம், ஒரே பலகை என்று அமைந்த இடங்கள் உலகில் மிகச் சில. அத்தகைய ஓரிடத்தில் நின்று, இந்தத் தவறு என்னுடையது என்று கூசாமல் சொல்லப் பழகிக்கொண்டவன், அநீதி நிகழும் இடத்தில் இது என் தவறன்று என்று அஞ்சாமல் சொல்லும் உரிமையைப் பெறுகின்றான். ஆதலின் அம்பை எறிந்தவுடன் விளக்கை நோக்காதீர், அருகிருப்பவரை நோக்காதீர். அம்பு நிற்கும் இடத்தை நோக்குங்கள். பிறகு அதைப் பிடுங்கிக்கொண்டு கோட்டுக்குத் திரும்புங்கள்.